வினைச்சொல்லின் குடும்பமும் காசிக்குப் போன மாப்பிள்ளையும்

போன மாதம், நான் ஓய்வு பெற்ற சென்னை அலுவலகத்திலிருந்து அழைத்திருந்தார்கள். வெளிநாட்டு விருந்தினருக்கும் நம் ஊர் ஆட்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மொழிபெயர்ப்பவர்களை அனுப்பும் சிறிய நிறுவனம் அது. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். கைபேசியே எல்லா மொழியும் பேசும் காலத்தில் நாம் எதற்கு என்பது அவர்கள் கொடுத்த தலைப்பு. எல்லோர் கையிலும் கைபேசி இருந்தது. தலைப்பைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

முன் வரிசையில் இருந்த பெண் முதல் கேள்வியைக் கேட்டாள். "மேடம், டச்சுல எவ்ளோ வேர்ட்ஸ் மனப்பாடம் பண்ணீங்க?"

வினைச்சொற்களை மட்டும்தான் என்றேன். மற்றதை அவற்றிலிருந்து செய்துகொள்ளலாம். அவள் நம்பாத முகத்தோடு பேனாவை மூடினாள்.

நான் காஞ்சிபுரத்துக்காரி. கைக்கு முதலில் கிடைத்த உதாரணம் நெசவு. டச்சில் நெய்வதற்கு வேவென். முடிவில் 'எர்' வந்தால் வேவர், நெய்கிறவர். அவர் பெண் என்றால் வேஃப்ஸ்டர். நெசவுக்கூடம் வேவெரெய். நெய்து முடித்த துணி வேஃப்செல். இதுவரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அடுத்ததுதான் எனக்குப் பிடித்தது. சொல்லின் முன்னால் 'ஹெ' என்று தொண்டையைச் செருமுவதுபோல ஓர் ஒலியைச் சேர்த்தால் ஹெவேஃப். விடிந்ததிலிருந்து தறிச் சத்தம், பக்கத்து வீட்டில் மனிதர் இருப்பது தெரியவில்லையா என்று ஒருவர் எரிச்சலோடு சொல்லக்கூடிய நெசவு. ஒரே அசையில் செயலும் வந்துவிடுகிறது, அதைப் பொறுக்கமுடியாதவரின் முகமும் வந்துவிடுகிறது.

அவ்வளவுதான், பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. ஓயாத பேச்சுக்கு என்ன? ஹெப்ராட். ஓயாத நடைக்கு? ஹெலோப். ஓயாமல் ஹாரன் அடிப்பதற்கு? ஹெதூட்டர். காஞ்சிபுரத்திலிருந்து பூந்தமல்லி வரைக்கும் பேருந்தில் எனக்குத் தினமும் பயன்பட்ட சொல் அது. கடைசி வரிசைப் பையன் ஒருவன், நாள் முழுக்கக் கைபேசியை ஸ்க்ரோல் செய்வதற்கும் உண்டா என்று கேட்டான். உண்டு, ஹெஸ்க்ரோல், டச்சுக்காரர்களே அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். அதற்குப் பிறகு கூட்டம் தலைப்பின் பக்கம் திரும்பவே இல்லை.

காசிக்குப் போன மாப்பிள்ளையின் கதையையும் கேட்டார்கள். அது அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு விதமாக உலவிக்கொண்டிருக்கிறது. நேரம் முடிந்துவிட்டது. ஆகவே நடந்தபடி இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் செவிலிமேடு. அப்பாவும் அம்மாவும் பாலாற்றங்கரையில் பிறர் வயலில் வேலை செய்தவர்கள். மருந்தகம் நடத்திய பெல்ஜிய நாட்டு சிஸ்டர் ஒருவர் என்னை ஆங்கிலம் படிக்க அழைத்துக்கொண்டார். பாடம் ஆங்கிலத்தில். கோபம் வந்தால் மட்டும் தன் தாய்மொழிக்குப் போய்விடுவார், அது டச்சு. அவர் கோபப்படாத நாள் குறைவு என்பதால் என் டச்சு வேகமாக வளர்ந்தது. பிறகு சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் துணை ஆசிரியராகச் சில ஆண்டுகள். தலைப்பில் வினை இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லிக் கொடுத்த இடம் அது. பாலாற்று நீர் பற்றி ஆராய வந்த டச்சுப் பொறியாளர்களைப் பேட்டி காணப் போனேன். அவர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் வெயிலில் மயங்கி விழ, மீதி நாளை நான் பார்த்துக்கொண்டேன். மறுவாரம் அவருடைய நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். பயிற்சிக் காலம் என்று சொல்ல அவ்வளவுதான்.

கூப்பிட்டவர் வசுந்தரா மேடம். நிறுவனம் அவருடையது. கணவரின் வேலைக்காக நெதர்லாந்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, நிமிர்ந்த கழுத்து. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்கு விரல் போதும். நாங்கள் வேலை செய்யும்போது கடைசியில் எங்காவது கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று புதியவர்கள் நினைப்பார்கள். சொல்லாத ஒன்றை நாம் சேர்த்தால் ஒரு விரல் எழும். சொன்னதை விட்டுவிட்டால் இரண்டு விரல். நாமே விளக்கம் சொல்லத் தொடங்கினால் முழு உள்ளங்கை. கண் அப்போதும் மூடியே இருக்கும்.

நிற்கும் முறையையும் அவர்தான் வகுத்தார். பேசுகிறவருக்கு அரை அடி பின்னால் நிற்க வேண்டும். அவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்பது கூடாது. சந்தேகம் இருந்தால் பேசியவரையே கேட்க வேண்டும். கையில் குறிப்பு எடுக்கும்போது வினையை மட்டும் எழுத வேண்டும். "வினை கையில இருந்தா மத்தது எல்லாம் வீடு தேடி வரும்" என்பார்.

காலையில் அலுவலகம் திறந்ததும் ஒரு வினைச்சொல்லைத் தருவார். தேநீர் வருவதற்குள் அதன் குடும்பம் முழுவதையும் சொல்ல வேண்டும். எனக்கு அது போதையாகிவிட்டது. பேருந்தில், சந்தையில், கோயில் திருவிழாக் கூட்டத்தில், கண்ணில் பட்ட செயலுக்கெல்லாம் வாலும் தலையும் ஒட்டிக்கொண்டே போவேன். ஒருநாள் அளவு மீறிப் போய், சாப்பிடுவதற்கான ஏட்டென் என்பதிலிருந்து 'ஏட்செல்' என்று ஒன்றைச் செய்துகொண்டு போனேன். சோற்றில் கல் கடித்தவர்போல வாயை நிறுத்திக்கொண்டார். மரத்தை அறுத்தால் விழும் தூளுக்கு ஸாஹ்செல் உண்டு, அடுப்பில் சுட்டெடுத்த பண்டத்துக்குப் பாக்செல் உண்டு, சாப்பிட்டதற்கு மட்டும் ஏன் இல்லை என்று வாதிட்டேன். "அவங்களுக்குத் தேவைப்படலை மேரி" என்றார். பிறகு, 'எர்' சேர்ப்பதிலும் 'ஹெ' சேர்ப்பதிலும் எவ்வளவு வேண்டுமானாலும் துள்ளலாம், 'செல்' சேர்ப்பதில் அகராதியைப் பார்த்துவிட்டுத் துள்ள வேண்டும் என்று எல்லையைக் காட்டினார். எங்கள் தொழில் செய்கிறவருக்கு டச்சில் டோல்க் என்று பெயர். அதில் எந்த வாலும் இல்லை. அங்கே பெயர்தான் முதலில் வந்தது, வினை அதிலிருந்து பிறந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று நான் அலுவலகத்தில் ஓடிப் போய் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அந்த விரல்களின் மதிப்பு எனக்குப் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் விளங்கியது. டச்சுப் பெண்மணி ஒருவர், தன் ஊர்க் கடைக்குப் புடவை எடுக்க வந்திருந்தார். ஒரு மாம்பழ நிறப் புடவையைத் தொட்டுப் பார்த்து, வாஸ்பார் என்று கேட்டார். வாசென் என்றால் துவைப்பது. 'பார்' ஒட்டினால் துவைக்கக்கூடியது. முதலாளியிடம் தமிழில் கேட்டேன்.

"தோய்க்கலாம்மா" என்றார். "ஆனா தோய்க்கக்கூடாது."

அப்படியே சொன்னேன். அந்த அம்மாள் குறித்துக்கொள்ளப் போன பேனாவை நிறுத்தி, முடியுமா முடியாதா என்று கேட்டார்.

"முடியுமான்னா முடியும். அதுக்கு ஒண்ணும் ஆவாது. தோய்ச்சவங்களுக்குத்தான் மனசு ஒரு மாதிரி ஆயிடும்."

உலர் சலவை மட்டும் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பின்னால் மூடிய கண்களோடு மேடம் உட்கார்ந்திருப்பது பிடரியில் தெரிந்தது. முழுவதையும், மனசு ஒரு மாதிரி ஆவது உட்பட, டச்சில் சொன்னேன். அந்த அம்மாள் சிரிக்கத் தொடங்கினார். வாஸ்பார் என்பதற்கு இதுவரை யாரும் இவ்வளவு நேர்மையாகப் பதில் சொன்னதில்லை என்றார். முதலாளியும் சிரித்து, உள்ளே வைத்திருந்த புடவைகளை எடுக்கச் சொன்னார். வெளியே வந்ததும் மேடம் சொன்னது இதுதான்: "நீ சுருக்கியிருந்தா அவங்க ரெண்டு பேரும் சந்திச்சிருக்கவே மாட்டாங்க."

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் அந்தக் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை ஹரி, பெரிய காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். பொண்ணு சஸ்கியா, நெதர்லாந்துக்காரி. இருவரும் அங்கே ஒரே அலுவலகத்தில் வேலை; ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். ஹரிக்குத் தெரிந்த டச்சு கடையில் பால் வாங்கும் அளவு. சஸ்கியாவின் அப்பா வில்லெம், படகு கட்டும் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. அவருக்கு ஆங்கிலம் சுமார். மகளின் கல்யாணத்தில் தன் மொழியிலேயே பேச விரும்பினார். அதற்காக நான். மேடத்துக்குக் கல்யாண அழைப்பே வந்திருந்தது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வில்லெம் நெட்டையான மனிதர். முந்தின நாளே வந்து மணமேடையின் மர இணைப்புகளைத் தட்டிப் பார்த்தார். அவருக்கு 'ஹெ' இல்லாமல் வாய் திறக்காது. வாசலில் ஹெதூட்டர், மண்டபத்தில் ஹெலோப், சமையலறைப் பக்கம் ஹெப்ராட். எல்லாவற்றுக்கும் மேலாக ஹெடூ. செய்வதற்கான டூன் என்ற வினையிலிருந்து வந்தது. தேவைக்கு மேல் செய்யப்படும் எல்லா அமர்க்களமும் அதில் அடங்கும். அவர் அதைச் சொன்ன விதத்தில் எரிச்சலோடு ஒரு மகிழ்ச்சியும் இருந்ததால் மண்டபம் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டது. இரவுச் சாப்பாட்டுக்குள் பந்தி பரிமாறுகிறவர் இன்னொருவரிடம், "இன்னாபா, இங்க ஒரே ஹெடூவா இருக்குது" என்பதைக் காதால் கேட்டேன்.

அந்தக் குடும்பத்தில் தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளை காசிக்குக் கிளம்புவது வழக்கம். கையில் குடை, தடி, விசிறி, இடுக்கில் ஒரு புத்தகம். இல்லறம் வேண்டாம், துறவு போகிறேன் என்று தெருவில் இறங்கி நடப்பார். பொண்ணின் அப்பா எதிரே வந்து, என் மகளைத் தருகிறேன், திரும்பி வாருங்கள் என்று அழைக்க வேண்டும். நம் ஊரில் பல கல்யாணங்களில் பார்க்கும் காட்சிதான். ஹரிக்கு அது கூச்சமாக இருந்ததால், அவனும் சஸ்கியாவும் அதை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஆகவே வில்லெமிடம் யாரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

காலையில் தாய்மாமன் தாமோதரன் புதுக் குடையோடு வந்து நின்றார். காசிக்குப் போகாமல் தாலி கட்டினால் தான் மண்டபத்துக்குள்ளேயே வரமாட்டேன் என்றார். ஹரி குடையை வாங்கிக்கொண்டான். சஸ்கியா அப்போது மாடியில், புடவை கட்டுகிறவர்களின் நடுவில், அசைய முடியாமல் நின்றிருந்தாள்.

நாதஸ்வரம் முழங்க ஹரி வாசலைத் தாண்டினான். தாமோதரன், வில்லெமின் முன்னால் வந்து, நாடக மேடைக் குரலில் சொன்னார்: "சம்பந்தி, மாப்பிள்ளைக்குக் கல்யாணம் வேணாமாம். சந்நியாசம் வாங்கிக்கினு காசிக்குப் போறாரு."

சேர்க்காமல், குறைக்காமல் டச்சில் சொன்னேன்.

வில்லெம் சிரிக்கவில்லை. அவன் யோசித்துத்தான் சொல்கிறானா என்று கேட்டார். தாமோதரன் மீசையைத் தடவி, நல்லா யோசிச்சுட்டாரு என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வில்லெம் வாசலைப் பார்த்தார். கறுப்புக் குடை தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார்.

"போகட்டும்" என்றேன்.

தாமோதரன் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற?"

"போகட்டும்."

"நீ சொல்றது இருக்கட்டும்மா. அவரு இன்னா சொன்னாரு?"

"அதைத்தான்."

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து எடுத்துவிட்டார். தவில் மட்டும் செய்தி எட்டாமல் கொஞ்ச நேரம் தனியாக ஓடி நின்றது. ஒரு பையன் கைபேசியை வில்லெமின் வாயருகே நீட்டினான். அது சற்று முன் கேட்ட நாதஸ்வரத்தைப் பாட்டு என்று அடையாளம் கண்டு பெயரைத் தேடிக்கொண்டிருந்தது.

இதற்குள் ஹரி நடந்துகொண்டிருந்தான். அழைப்பதற்கு முன் திரும்பிப் பார்த்தால் ஆயுசு முழுக்கக் கேலி செய்வார்கள் என்று மாமா எச்சரித்திருந்தார். பட்டுக்கடை விற்பனையாளர்கள் படியில் வந்து நின்று கை தட்டினார்கள். "காசிக்கா சார்? ஏறுங்க, செவிலிமேடு வரைக்கும் விட்டுட்டுப் போறேன்" என்று ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் அழைத்தது மண்டபம் வரை கேட்டது.

நல்ல நேரம் முடிய இருந்தது கொஞ்சம்தான். இது ஒரு வழக்கம், விளையாட்டு என்று நான் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. உள்ளங்கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியிருந்தது. விதிக்குள் ஒரு வழி உண்டு: பேசியவரையே விளக்கச் சொல்வது. தாமோதரனிடம், சம்பந்திக்கு இந்த வழக்கம் தெரியாது, நீங்கள்தான் விளக்க வேண்டும் என்றேன்.

அவருக்கு வியர்த்தது. "இதுல விளக்கறதுக்கு இன்னாம்மா இருக்குது? சும்மாதான் போறான்."

காரணம் ஒன்றும் இல்லாமல் போகிறான் என்று டச்சில் போய்ச் சேர்ந்தது. வில்லெமின் காதுகள் சிவந்தன. காரணம் இல்லாமல் போகிறவன் இன்னும் மோசம் என்றார். வெஹ்லோப்பர் என்ற சொல்லைச் சொன்னார். விட்டுவிட்டு நடக்கிறவன், ஓடிப்போகிறவன். வழக்கமான 'எர்' வால்தான். அது அவ்வளவு கனமாக விழுந்து நான் கேட்டதில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் பேசினார். நான் அரை அடி பின்னால் நின்று தமிழில் சொன்னேன்.

"எனக்கு மூத்த மகள் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய கல்யாணத்துக்கு முன்னாலும் ஒருவன் போகிறேன் என்றான். நான் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பேசித் திருப்பி அழைத்து வந்தேன். கொஞ்ச காலம் இருந்தான். பிறகு போய்விட்டான். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போகிறவனை இனி எந்த மகளுக்காகவும் பிடித்து வைக்க மாட்டேன்."

தாமோதரன், சடங்குக்காகக் கையில் வைத்திருந்த தேங்காயை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கைகளுக்கும் மாற்றினார்.

ஹரியின் அம்மா சரோஜா அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நடந்ததைத் தம்பி தாமோதரனின் வாயிலிருந்து தெலுங்கில் ஒரு வரியில் வாங்கிக்கொண்டார். அதே மொழியில் தம்பிக்கு ஒரு வரி கொடுத்தார். அதை யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாற்காலியை இழுத்து வில்லெமின் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"சம்பந்தி, எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் கிளம்பினாரு. எங்கப்பா வேணும்னே கூப்பிட லேட் பண்ணாரு. இவரு முனையில டீக்கடையில குந்திக்கினு, எப்போ கூப்பிடுவாங்கன்னு எட்டி எட்டிப் பார்த்துக்கினு இருந்தாரு. கூப்பிடணும்னுதான் போறாங்க."

டச்சில் சொன்னேன். மூன்றாம் வரிசையில் உள்ளங்கை மடியில் இறங்கியது.

"உங்க பெரிய பொண்ணை விட்டுட்டுப் போனவன் எப்படி நடந்து போனான்னு உங்களுக்குத் தெரியும். எம் புள்ள எப்படி நடக்கறான்னு வெளியே போய்ப் பாருங்க. பார்த்துட்டு, போகட்டும்னா போகட்டும்."

வில்லெம் எழுந்து வாசலுக்குப் போனார். நான் அரை அடி பின்னால்.

கூப்பிடும் தூரத்தை ஹரி தாண்டியிருந்தான். ஆனால் ஒருவன் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு காலை வைத்து, யோசித்து, அதன் விரல் நுனியில் அடுத்த குதிகாலை வைத்தான். இளநீர் வண்டி அவனைத் தாண்டிப் போனது. கடையின் பெயர்ப் பலகை ஒவ்வொன்றையும் படிப்பதுபோல நின்றான். திரும்பக்கூடாது என்பதால் குடையை மட்டும் பின்னால் சாய்த்து, அதன் விளிம்புக்கு அடியில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஓயாத நடைக்கு ஹெலோப் என்றேன் அல்லவா, ஒருவர் நடக்கும் விதத்துக்கு டச்சில் லோப். நடப்பதிலிருந்து நமக்கு நடை வந்ததுபோல. வில்லெம் அந்த நடையை, மணமேடையின் மர இணைப்பைப் பார்த்த அதே கண்ணால் பார்த்தார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஓடினார்.

வேட்டி அவருக்கு அன்றுதான் அறிமுகம். இரண்டு கைகளாலும் முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஹரி, ஹரி என்று கத்திக்கொண்டு பட்டுக்கடைத் தெருவின் நடுவில் ஓடினார். பேசுகிறவருக்கு அரை அடி பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. அவர் ஓடினால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. நானும் பட்டுப்புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் ஓடினேன். என் பின்னால் தேங்காயோடு தாமோதரன், அவர் பின்னால் உயிர் வந்த நாதஸ்வரம், அதன் பின்னால் மண்டபம். கடைப் படிகளில் நின்றவர்களும் ஹரி, ஹரி என்று சேர்ந்துகொண்டார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாத இரண்டு பெண்கள், சாமி வருகிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். அழைப்பதற்கு ரூப்பென், எல்லோரும் ஓயாமல் அழைத்தால் ஹெரூப். அந்த 'ஹெ'யில் எரிச்சல் இருக்கும் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அன்று தெருவில் அது ஒரு துளியும் இல்லை.

ஹரியின் எதிரில் போய் நின்று, மூச்சு வாங்க, வில்லெம் டச்சில் நீளமாகப் பேசினார். நான் அதைக் கோர்த்துக்கொண்டு வாயைத் திறந்தேன். கேட்க ஆள் இல்லை. ஹரி குடையைத் தாமோதரன் கையில் திணித்துவிட்டு, மாமனாரின் அவிழப்போகும் வேட்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மண்டபத்தை நோக்கி அவரை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். கூட்டம் மொத்தமும் திரும்பி அவர்கள் பின்னால் போய்விட்டது. தெருவில் நான் மட்டும் சொல்லப்படாத ஒரு பேச்சோடு நின்றேன்.

ஒரு ஷேர் ஆட்டோ வந்து பக்கத்தில் நின்றது. சற்று முன் ஹரியை ஏறச் சொன்ன அதே ஆள். பின் இருக்கையில் வசுந்தரா மேடம், இரண்டு விரல்களை உயர்த்திப் பிடித்தபடி. கண்கள் திறந்திருந்தன.

"விட்டுட்ட மேரி."

கேட்க யாரும் இல்லையே மேடம் என்றேன்.

"நான் இருக்கேன். இவர் இருக்கார். சொல்லு."

ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்தார். நான் நேராக நின்று, மூச்சைச் சரிசெய்துகொண்டு, 'நான்' என்று தொடங்கி, எதையும் சேர்க்காமல் சொன்னேன்.

"நான் உன்னைப் பிடித்து வைக்க வரவில்லை. ஒருமுறை ஒருவனைப் பிடித்து வைத்தேன்; அது தவறு. போக வேண்டும் என்றால் நீ போகலாம், நான் வழி விடுகிறேன். ஆனால் நீ மிகவும் மெதுவாக நடக்கிறாய். நீயாகத் திரும்பி வரும்வரை காத்திருக்க எனக்கு வயதில்லை. அதனால் இப்போதே கேட்கிறேன். என் வீட்டுக்கு வருகிறாயா?"

மேடத்தின் இரண்டு விரல்களும் மெதுவாக மடங்கின. ஆட்டோக்காரர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொலைவில் மேளம் வேகமெடுத்தது.

"அதான் வந்துட்டாரேம்மா" என்றார். "ஏறுங்க, தாலி கட்டிடப் போறாங்க."